ரைசன் 5 7600: கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்கத்தக்க வீட்டுக் கணினி

வீட்டுக்கென ஒரு மேசைக் கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்ட நினைப்பவர்களில் பலர், கிராஃபிக்ஸ் கார்டை முதலில் முடிவு செய்துவிட்டு, மீதமுள்ள பணத்துக்குள் மற்றவற்றை அடக்கப் பார்க்கிறார்கள். விளையாட்டு ஒன்றையே குறியாகக் கொண்டவர்களுக்கு அது பொருந்தலாம். படிப்பு, அலுவலக வேலை, எழுத்து, பட வேலை, எப்போதாவது விளையாட்டு என்று எல்லாவற்றுக்கும் ஒரே கணினியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அந்த வரிசை ஒத்துவராது. அத்தகைய வீட்டில் முதலில் வாங்க வேண்டியவை நெடுநாள் உழைக்கும் பாகங்களான மதர்போர்டு, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ், எல்லாவற்றையும் அடக்கும் பெட்டியான கேபினட் ஆகியவையும், கார்டு இல்லாமலேயே அன்றைக்கே வேலையைத் தொடங்க இடம்தரும் ஒரு பிராசசரும்தான். கிராஃபிக்ஸ் கார்டு பணம் சேர்ந்த பிறகு வரட்டும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்கும் கணினிக்கு ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7600 மிகவும் இசைவான பிராசசர் என்பது, அதைக் கொண்டு கணினி பூட்டி, அன்றாடம் அதில் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்துவரும் என் முடிவு. அதற்கான காரணங்களையும், வாங்கும்போதும் பூட்டும்போதும் கவனிக்க வேண்டியவற்றையும், இதன் குறைகளையும் இங்கே எழுதுகிறேன்.

2023 ஜனவரியில் வெளிவந்த இந்தப் பிராசசரில் தனித்தனியே கணக்கிடும் 6 கோர்களும், ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய பணியோட்டங்களான 12 திரெட்களும் உள்ளன. அடிப்படை வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேச் 32 எம்பி. பெட்டியில் 65 வாட் என்று இருந்தாலும், முழுச் சுமையில், மதர்போர்டில் அது அமரும் இடமான சாக்கெட்டிலிருந்து 88 வாட் வரை எடுத்துக்கொள்ளும்படி இதன் வரம்பு வைக்கப்பட்டிருக்கிறது. சூட்டைத் தணிக்கும் ரெய்த் ஸ்டெல்த் என்ற கூலர் பெட்டிக்குள்ளேயே வருகிறது. இதன் அண்ணன் முறையான 7600எக்ஸ் 5.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஆனால் அது 105 வாட் வகை, அதனுடன் கூலரும் கிடையாது. அந்தச் சிறு வேக வேறுபாடு அன்றாட வேலையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. கூடுதல் சூடும் கூலருக்கான கூடுதல் செலவும் தெரியும்.

இதைத் தேர்ந்தெடுப்பதற்கான முதல் காரணம் இது அமரும் ஏஎம்5 சாக்கெட். ஏஎம்டி தன் முந்தைய ஏஎம்4 சாக்கெட்டை நடத்திய விதம் இங்கே நினைத்துப் பார்க்கத்தக்கது. 2017இல் முதல் ரைசன் பிராசசர்களுடன் வாங்கிய மதர்போர்டுகள் பலவற்றில், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரைப் பொருத்த முடிந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, மதர்போர்டையும் ரேமையும் அசைக்காமல், கணினியின் வேகத்தைப் பெருமளவு கூட்டிக்கொள்ள அது வழிசெய்தது. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் இதுவரை 7000, 8000ஜி, 9000 வரிசைகள் வந்திருக்கின்றன. 2027 வரையும் அதற்கு அப்பாலும் இதைத் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டோ 12, 13, 14ஆம் தலைமுறைகளோடு நின்றுபோய், 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 அதன் இடத்துக்கு வந்துவிட்டது. i5-12400 இன்றைக்கும் நல்ல பிராசசர்தான். ஆனால் இப்போது அதை வாங்குபவர், தொடர்ச்சி இல்லாத ஒரு மதர்போர்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்.

இரண்டாவது காரணம், 7600க்குள்ளேயே இருக்கும் சிறு கிராஃபிக்ஸ் பகுதி. ஏஎம்4 காலத்து ரைசன் 5 5600 போன்ற பிராசசர்களில் இது கிடையாது. கார்டு வாங்காவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. 7600இல், படத்தைக் கணக்கிடும் கம்ப்யூட் யூனிட்கள் இரண்டே இரண்டு கொண்ட ரேடியான் கிராஃபிக்ஸ் உண்டு. விளையாட்டுக்கு அது போதாது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். ஆனால் 4கே திரையை இயக்குவதற்கும், ஏவி1 உள்ளிட்ட காணொளி வகைகளைப் பிராசசருக்குச் சுமை ஏற்றாமல் ஓட்டுவதற்கும், எழுத்து, கணக்கு, இணையம், பக்க வடிவமைப்பு ஆகிய அனைத்துக்கும் தாராளமாகப் போதும். பின்னாளில் கார்டு வாங்கி, அது பழுதாகி சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் கணினி முடங்காமல் இருக்கும் என்பது இதன் இன்னொரு பயன். விலையில் சற்றுக் குறைவான 7500எஃப் என்ற பிராசசரைக் கடைக்காரர்கள் பரிந்துரைப்பதுண்டு. பெயரின் கடைசியில் உள்ள ‘எஃப்’ கிராஃபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கிறது; முதல் நாளே கார்டு வாங்குபவர்களுக்கு மட்டுமே அது ஏற்றது.

சென்னையில் இருப்பவர்களுக்குப் பாகங்கள் வாங்க ரிச்சி தெருவே போதும். அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாக, நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் சேர்ந்த அந்தச் சிறு வட்டாரத்தில், கெபாசிட்டர் முதல் சர்வர் வரை எல்லாம் கிடைக்கும். இணையத்தில் வாங்கினால் சில நாள்களில் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் பெட்டியைக் கையில் எடுத்து, பிரித்துப் பார்த்து வாங்கும் வசதி நேரில் போனால்தான் கிடைக்கும். பிராசசரும் மதர்போர்டும் வாங்கும்போது அந்த வசதியைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பேன்.

பிராசசரைப் பொறுத்தவரை, ‘பாக்ஸ் பீஸ்’, ‘ட்ரே பீஸ்’ என்று இரண்டு வகை உண்டு. ட்ரே என்பது கணினித் தயாரிப்பாளர்களுக்காக மொத்தமாக வருவது. பெட்டியும் பெரும்பாலும் கூலரும் இருக்காது. பாக்ஸ் வகைக்கு ஏஎம்டியின் மூன்றாண்டு வாரண்டி உண்டு. ட்ரே வகைக்குக் கடைக்காரர் தரும் வாக்குறுதிதான் வாரண்டி. விலை வேறுபாடு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் பாக்ஸ் வகையையே வாங்க வேண்டும். பெட்டியின் மேல் உள்ள வரிசை எண்ணும் பிராசசரின் உலோக மூடியில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் அச்சிடப்பட்ட ஜிஎஸ்டி பில்லையும் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருவதாகச் சொல்வார்கள். 18 விழுக்காடு வரியை மிச்சப்படுத்துவதாக எண்ணி அதை ஏற்பவர், பழுது வரும் நாளில் எந்த சர்வீஸ் சென்டரிலும் நிற்க முடியாமல் போவார்.

மதர்போர்டில் கவனம் இன்னும் கூட வேண்டும். ஏஎம்4 காலம் வரை கம்பிகள் பிராசசரின் அடியில் இருந்தன. ஏஎம்5இல் அவை மதர்போர்டின் சாக்கெட்டுக்குள் இருக்கின்றன. மயிரிழை போன்ற 1718 கம்பிகள். அவற்றில் ஒன்று வளைந்திருந்தாலும் ரேமின் ஒரு பாதி தெரியாமல் போகலாம், அல்லது கணினி உயிர்பெறாமலே இருக்கலாம். வளைந்த கம்பிக்கு வாரண்டி கிடைப்பது அரிது. ஆகவே கடையிலேயே பெட்டியைப் பிரித்து, கருப்பு நிறப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி, செல்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். கம்பிகள் எல்லாம் சீரான வரிசையில் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒளி எங்கேனும் தப்பி விழுந்தால் அங்கே வளைவு இருக்கிறது. நான் போன ஒரு கடையில், “பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது சார்” என்று பெட்டியைத் திறக்க மறுத்துவிட்டார்கள். அடுத்த கடையில் அவர்களே திறந்து காட்டினார்கள், அங்கேயே வாங்கினேன். அந்தப் பிளாஸ்டிக் மூடியையும் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். போர்டை சர்வீஸுக்கு அனுப்பும்போது அதை மாட்டித்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

எந்த போர்டு என்றால், பி650 சிப்செட் (போர்டின் துணைச் சிப்) கொண்ட, சிறிய அளவான மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு போதும். ஏ620 மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவ்வகையில் பல போர்டுகளின் மின்சுற்று 65 வாட் பிராசசர்களை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. நாளைக்கு எட்டு அல்லது பன்னிரண்டு கோர்கள் கொண்ட பிராசசருக்கு மாறும் எண்ணத்தோடு ஏஎம்5 வாங்கிவிட்டு, அந்த எண்ணத்துக்கே இடம் தராத போர்டை வாங்குவது பொருந்தாது. சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சுற்றின் மேல் சூட்டை வெளியேற்றும் கனமான ஹீட்சிங்க் இருக்கிறதா, எஸ்எஸ்டிக்கு இரண்டு எம்.2 இடங்களாவது உண்டா, பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் பின்பக்கம் இருக்கிறதா, பழுதைக் காட்டும் சிறு விளக்குகள் உண்டா என்ற நான்கையும் பார்த்தால் பெயரைப் பார்க்கத் தேவையில்லை.

ரேம் விஷயத்தில்தான் இப்போது கை கடிக்கிறது. ஏஎம்5இல் டிடிஆர்5 மட்டுமே பொருந்தும்; பழைய டிடிஆர்4 ரேம் கையில் இருந்தாலும் பயனில்லை. ரேமுக்கான டிராம் சிப்களில் மிகப் பெரும்பகுதியைத் தயாரிக்கும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களும் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கான நினைவகத்துக்கு உற்பத்தியைத் திருப்பியதால், 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. குரூஷியல் என்ற பெயரில் நடத்திவந்த சில்லறை வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. 6000 வேகமும் சிஎல்30 தாமதமும் கொண்ட, அந்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ வசதியுள்ள இரண்டு 16 ஜிபி ரேம்கள் இந்தப் பிராசசருக்கு மிகப் பொருத்தமானவை. முடிந்தவர்கள் அதையே வாங்கலாம். முடியாதவர்களுக்கு என் பரிந்துரை, இரண்டு 8 ஜிபி வாங்குவதைவிட ஒரே ஒரு 16 ஜிபி வாங்கிவிட்டு, விலை இறங்கும்போது அதே மாடலில் இன்னொன்றைச் சேர்ப்பது. 8 ஜிபி டிடிஆர்5 ரேம்களில் சிப்களின் எண்ணிக்கையும் உள்ளமைப்பும் குறைக்கப்பட்டிருப்பதால் அவை இயல்பிலேயே சற்று மந்தமானவை. மேலும், நான்கு துளைகளிலும் ரேம்களை நிரப்பினால் ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 5200இலிருந்து 3600க்கு இறங்கிவிடுகிறது. ஆகவே இன்று 8 ஜிபியில் தொடங்கினால், பின்னால் அதைக் கழற்றி வைக்கவே நேரும்.

எஸ்எம்பிஎஸ் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் கணினி பூட்டுபவர்கள் மிகக் குறைவாகச் செலவிடுவது இதற்குத்தான். மற்ற எல்லாப் பாகங்களையும் காப்பாற்றுவதும் இதுவேதான். கேபினட்டோடு சேர்ந்து வரும் மலிவான எஸ்எம்பிஎஸ் ஒன்றின் பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையைப் படித்துப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். ஆனால் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் உண்மையில் பயன்படுத்துவது 12 வோல்ட் வரிசையை மட்டுமே. அந்தக் கட்டத்தில் 20 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், 12ஐ 20ஆல் பெருக்கி வரும் 240 வாட்தான் அதன் உண்மையான வலு. ஒழுங்கான 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றில் அதே கட்டத்தில் 54 ஆம்பியர் அளவில் இருக்கும்; அதாவது சொன்ன வாட்டில் ஏறத்தாழ முழுவதும் 12 வோல்ட்டில் கிடைக்கும். ‘80 பிளஸ்’ என்ற முத்திரை மின்சாரத்தை வீணாக்காத தன்மைக்கான சான்று மட்டுமே. மின்அழுத்தம் ஏறினாலோ ஷார்ட் ஆனாலோ காக்கும் பாதுகாப்புகளைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அவற்றைத் தனியே பார்க்க வேண்டும். கார்டு இல்லாத கணினிக்கு 650 வாட் அதிகம் என்று கடையில் சொன்னால், அது உண்மைதான். ஆனால் நாம் வாங்குவது அடுத்து வரப்போகும் கார்டுக்கும் சேர்த்து. நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு ஐந்து முதல் பத்தாண்டு வரை வாரண்டி இருப்பதும் அதற்காகத்தான்.

இதோடு தொடர்புடையது எர்த். கணினியைத் தொட்டால் ‘சுருக்’கென்று ஒரு மெல்லிய அதிர்வு அடிப்பதைப் பலர் பாகத்தின் கோளாறு என்று எண்ணுகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டுவதற்காக, பேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டு கம்பிகளிலிருந்தும் உலோக உடலுக்குச் சிறு கெபாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும்; எர்த் இல்லாத வீட்டில், கேபினட் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி அழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். உயிருக்கு ஆபத்தான அளவு அல்ல என்றாலும், எர்த் இல்லை என்பதற்கு அது தெளிவான அறிகுறி. உண்மையான கசிவு ஒன்று ஏற்படும் நாளில் காப்பதற்கு எதுவும் இருக்காது. கணினி வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து, கணினி வைக்கப்போகும் பிளக்கில் எர்த் வருகிறதா என்று சோதித்துக்கொள்வது இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான, மிக முக்கியமான செலவு. யுபிஎஸ்ஸைப் பொறுத்தவரை, கார்டு இல்லாதவரை சாதாரண 600விஏ போதும். பிராசசர், போர்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்து முழு வேலையிலும் அதன் 360 வாட்டைத் தொடாது. கார்டு வரும்போது 1100விஏ அளவுக்குப் போவது நல்லது.

இனி பூட்டும் வேலை. கடையிலேயே பூட்டித் தருவார்கள், நன்றாகவே செய்வார்கள். இருந்தாலும் வீட்டில், மேசை மேல், நல்ல வெளிச்சத்தில் நாமே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒருமுறை கையால் அறிந்துவிட்டால், பிறகு ரேம் சேர்ப்பதற்கும் தூசி தட்டுவதற்கும் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. தேவைப்படுவது முனையில் காந்தமுள்ள ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் மட்டுமே.

சாக்கெட்டின் நெம்புகோலைத் தளர்த்தி உலோகச் சட்டத்தைத் தூக்கியதும், பிராசசரின் மூலையில் உள்ள சிறு தங்க நிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, விளிம்புகளை மட்டும் பிடித்து இறக்கி வைக்க வேண்டும். அழுத்தவே கூடாது, தன் எடையிலேயே அது அமர்ந்துவிடும். பிறகு சட்டத்தை மூடி நெம்புகோலை இறக்கும்போது சற்று பலம் தேவைப்படும், ஒரு முறுகல் ஓசையும் கேட்கும். அது இயல்பானது. பிளாஸ்டிக் மூடி தானே தெறித்து வெளியே வரும்.

அடுத்த படியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ரெய்த் ஸ்டெல்த் கூலருக்கு நான்கு ஸ்பிரிங் திருகாணிகள் உண்டு. ஆனால் போர்டில், சாக்கெட்டின் இரு பக்கங்களிலும் கொக்கி வைத்த இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகள் ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கும். அவை வேறு வகைக் கூலர்களுக்கானவை. அவற்றைப் பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளையும் கழற்றித் தாங்கிகளை அகற்றிய பிறகே இந்தக் கூலரை அதே துளைகளில் முடுக்க முடியும். ஏஎம்4இல் இப்படிக் கழற்றினால் அடியில் உள்ள உலோகத் தகடு கீழே விழுந்துவிடும். ஏஎம்5இல் அது சாக்கெட்டோடு பிணைந்திருப்பதால் விழாது. திருகாணிகளை ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், குறுக்கு மூலைகளாக மாற்றி மாற்றி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சுற்றுகளாக முடுக்கிக்கொண்டே போக வேண்டும். கூலரின் அடியில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும் என்பதால் தனியே வாங்க வேண்டாம். ஏஎம்5 பிராசசர்களின் மூடியில் விளிம்பைச் சுற்றிலும் வெட்டுகள் இருக்கின்றன. மிகுதியான பேஸ்ட் அவற்றுக்குள் வழிந்தால் பார்வைக்கு அசிங்கமாக இருக்குமே தவிர, மின்சாரம் கடத்தாத சாதாரண பேஸ்ட்டால் கேடில்லை.

ஒரே ரேம் என்றாலும் இரண்டு என்றாலும் எந்தத் துளையில் செருக வேண்டும் என்பதை போர்டின் கையேடு சொல்லும். நான்கு துளைகள் கொண்ட போர்டுகளில், இரண்டு ரேம்களுக்குப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் வழக்கம். எஸ்எஸ்டியை மூடும் ஹீட்சிங்கின் உட்புறப் பட்டையில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை உரித்துவிட வேண்டும். பிராசசருக்கான 8 பின் கேபிளை, போர்டைக் கேபினட்டில் வைக்கும் முன்பே மேல் மூலைத் துளை வழியாக இழுத்து வைத்துக்கொண்டால் பின்னால் விரல் நுழையாமல் திண்டாட வேண்டியதில்லை. கேபினட்டின் பவர் பொத்தானுக்கும் விளக்குகளுக்கும் உரிய ஊசிமுனைக் கம்பிகள் பொறுமையைச் சோதிக்கும். பொத்தான்களுக்கு எந்தப் பக்கமாகச் செருகினாலும் சரி, விளக்குகளுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்து பொத்தானை அழுத்தியதும், விசிறிகள் சுழலும். திரை கறுப்பாகவே இருக்கும். போர்டில் ‘டிராம்’ என்று எழுதிய சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இந்த இடத்தில் பதறிப்போய் அணைத்துவிடக் கூடாது. டிடிஆர்5 ரேமின் அளவுக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி பிராசசர் தன்னை ஒத்திசைத்துக்கொள்ளும் பயிற்சி அப்போது நடக்கிறது. முதல்முறை அது சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு காபி குடித்து வருவதற்குள் திரை வந்துவிடும். ஏஎம்5 வாங்கியவர்கள் ‘போர்டு டெட்’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் நிகழ்வுகளில் பல இந்தக் காத்திருப்பைப் பற்றி யாரும் சொல்லாததால் நேர்பவை என்று நினைக்கிறேன்.

பயாஸில் செய்ய வேண்டியவை சிலவே. எக்ஸ்போவை இயக்காவிட்டால் 6000 வேக ரேமும் பெரும்பாலும் 4800இலேயே ஓடும். அதை இயக்கிய பிறகு, ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்’ என்பதையும் இயக்கினால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்தப் பயிற்சி நடக்காது. பொறியியல் மாணவர்கள் ‘எஸ்விஎம்’ என்பதை இயக்கி வைத்தால் விர்ச்சுவல் மெஷின்களும் ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் தடையின்றி ஓடும். பயாஸைக் கடைசிப் பதிப்புக்கு ஏற்றிவிடுவதும் நல்லது. ஏஎம்5 வந்த புதிதில், 2023இல், சாக்கெட்டுக்குள் செல்லும் ஒருவகை மின்அழுத்தம் அளவு மீறியதால் சில பிராசசர்கள் எரிந்துபோனது செய்தியானது. பிறகு வந்த பயாஸ்களில் அந்த அழுத்தம் 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டுவிட்டது.

வேலையில் இது எப்படி என்றால், எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படங்கள் நிறைந்த பெரிய புத்தகக் கோப்புகளைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, அச்சுக்கான பிடிஎஃப் ஆக்குவது வரை எங்கும் தயங்குவதில்லை. இத்தகைய மென்பொருள்களில் பெரும்பாலான வேலை ஓரிரு கோர்களிலேயே நடப்பதால், கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகமே முக்கியம். அதில் இந்தப் பிராசசர் வலுவானது. நாள் முழுவதும் காணொளிகளைத் தொகுத்து இறுதிக் கோப்பாக்குபவர்களுக்கு ஆறு கோர்கள் குறைவுதான். அவர்கள் எட்டுக் கோர்கள் கொண்ட ரைசன் 7 7700ஐப் பார்க்கலாம்.

குறைகளுக்கு வருகிறேன். ரெய்த் ஸ்டெல்த் முழுக்க அலுமினியத்தால் ஆன சிறிய கூலர். மிதமான வேலைக்கு அது போதும். சென்னையின் மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், எல்லாக் கோர்களும் உழைக்கும்போது விசிறி முழு வேகத்துக்குப் போய் இரைச்சலிடும். பிராசசர் 95 பாகை வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது, அதைத் தாண்டாமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் அச்சப்படத் தேவையில்லை, காதுக்குத்தான் தொல்லை. 120 மிமீ விசிறி கொண்ட சாதாரண டவர் கூலர் ஒன்று அந்த இரைச்சலை அடக்கிவிடும். செலவு செய்ய விரும்பாதவர்கள், பயாஸில் ஈகோ மோடைத் தேர்ந்து 45 வாட் வகைக்கு இறக்கிவிட்டால், வேகத்தில் சிறிதளவே இழந்து சூட்டைப் பெருமளவு குறைக்கலாம். கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்க வேண்டும், வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருக்க வேண்டும். பின்பக்கத்தில் பயன்படாத கார்டு இடைவெளிகளை மூடும் தகடுகளைத் தொலைத்துவிடாதீர்கள். திறந்து கிடக்கும் வெதுவெதுப்பான பெட்டிக்குள் பல்லியும் கரப்பானும் குடியேறுவது நம் வீடுகளில் சாதாரணம், அதனால் போர்டு ஷார்ட் ஆவதும் உண்டு.

மற்றொரு குறை, சும்மா இருக்கும்போதும் இந்தப் பிராசசர் ஏறத்தாழ 20 வாட் அளவில் எடுத்துக்கொண்டிருப்பது. இரண்டு தனித்தனிச் சிப்களை இணைத்து உருவாக்கப்பட்ட அதன் அமைப்பே அதற்குக் காரணம். இன்டெலின் இணையான பிராசசர்கள் இதில் சிக்கனமானவை. இரவும் பகலும் அணையாமல் ஓடும் கணினிக்கு இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், புதிய கணினியில் விண்டோஸ் 11தான். அதை நிறுவும்போது நெட்வொர்க் டிரைவர் இல்லாமல் இணையம் கிடைக்காமல் நிற்க நேரலாம். போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து லேன், வைஃபை டிரைவர்களை முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்து வைத்திருங்கள். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, தனி மென்பொருள் தேவையில்லை. உரிமத்துக்குப் பணம் செலவிட விரும்பாதவர்கள் உபுண்டு 24.04ஐ நிறுவிக்கொள்ளலாம், இந்தப் பிராசசரின் கிராஃபிக்ஸ் டிரைவர் அதில் உள்ளடங்கியே வருகிறது, தமிழ்99 தட்டச்சும் ஐபஸ் என்ற தட்டச்சு வசதி வழியாகக் கிடைக்கிறது.

கார்டு வாங்கும் எண்ணமே இல்லை, ஆனால் பிள்ளைகள் எப்போதாவது விளையாடுவார்கள் என்றால், 7600ஐ விட்டுவிட்டு 2024 ஜனவரியில் வந்த ரைசன் 5 8600ஜியை வாங்குங்கள். அதன் ரேடியான் 760எம் கிராஃபிக்ஸில் எட்டு கம்ப்யூட் யூனிட்கள் இருக்கின்றன. அதில் இரண்டு ரேம்கள் கட்டாயம், ஏனெனில் கிராஃபிக்ஸும் ரேமின் வேகத்தையே நம்பியிருக்கிறது. பின்னாளில் கார்டு சேர்ப்பவர்களுக்கு அது ஏற்றதல்ல: எல்3 கேச் பாதிதான், 16 எம்பி, கார்டுக்குக் கிடைக்கும் பாதையும் 16 தடங்களுக்குப் பதில் 8 தடங்கள்தான். 7600இல் அந்தத் தடை இல்லை. 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸோடு, 145 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 5060 அல்லது 16 ஜிபி நினைவகத்துடன் வரும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி போன்ற ஒரு கார்டை வேறு எதையும் மாற்றாமல் செருகிவிடலாம். செருகிய பிறகு மானிட்டரின் கேபிளை போர்டிலிருந்து கழற்றிக் கார்டில் மாட்ட மறக்க வேண்டாம். 7600இல் போர்டின் வழியாகவும் படம் வரும் என்பதால், புதிய கார்டு பின்னணியில் சும்மா இருப்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது.